மேடைக்கு வராத பட்டதாரிகள்

டிசம்பர் கடைசி வாரம் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரி வளாகங்களில் நரைத்த தலைகளின் நடமாட்டம் கூடும். அமெரிக்காவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் ஊரில் இருக்கும் நாட்கள் என்பதால் முன்னாள் மாணவர் சங்கங்கள் பலவும் ஆண்டு விழாவை அப்போதுதான் வைத்துக்கொள்கின்றன. விழாவின் நடுவில் தவறாமல் ஒரு நிகழ்ச்சி உண்டு. நாலைந்து பேரை மேடைக்கு அழைப்பார்கள். ஒருவர் பாராட்டு மடலை உரக்க வாசிப்பார். முதல்வர் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுப்பார். எல்லோரும் கேமராவைப் பார்ப்பார்கள். ‘வாழ்நாள் சாதனையாளர்’, ‘சிறப்புமிகு முன்னாள் மாணவர்’ என்று விருதின் பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

மேடையில் நிற்பவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பெரும்பாலோர் உழைத்து மேலே வந்தவர்கள். ஆனால் ஒரு கல்லூரியின் பத்துப் பதினைந்து வருட அழைப்பிதழ்களை அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒரு வரிசை பிடிபடும். தொழிலதிபர், மென்பொருள் நிறுவனத் தலைவர், ஐ.ஏ.எஸ். அதிகாரி, வெளிநாட்டுப் பேராசிரியர், இடையில் ஒரு சினிமாக்காரர். அதே வகுப்பறையில் படித்துவிட்டு முப்பது வருடம் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், தாலுகா மருத்துவமனையில் பிரசவம் பார்த்தவர், ஏரி மதகுகளைக் கட்டிக் காத்த பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஆகியோரின் பெயர்கள் அந்த அழைப்பிதழில் அபூர்வம். ஒரு பல்கலைக்கழகம் தன் பட்டதாரியின் வாழ்க்கையை எடைபோட்டுச் ‘சாதனை’ என்று அறிவிக்கும்போது எந்தப் படிக்கல்லை வைத்து எடைபோடுகிறது? வழக்கம் எங்கிருந்து வந்தது, இப்போது ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது, எங்கே கோணிப்போகிறது என்று பார்த்தால் விடை கொஞ்சம் துலங்கும்.

பழைய மாணவர்கள் சங்கமாகத் திரள்வதற்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ் கல்லூரியில் 1821-ல் தொடங்கிய சங்கம், இன்றும் இயங்குபவற்றில் மிகப் பழையது என்று பெயர் பெற்றது. அது தொடங்கக் காரணம் பயம். அந்த ஒதுக்குப்புறமான ஊரில் கல்லூரி பிழைக்காது என்று முடிவுகட்டிய அதன் தலைவர் மூர், மாணவர்களில் ஒரு பகுதியினர் பின்தொடர ஆம்ஹர்ஸ்ட்டுக்குப் போய்விட்டார். தாங்கள் வாங்கிய பட்டத்தைக் கொடுத்த இடமே இல்லாமல் போய்விடுமோ என்று பதறி, படித்து முடித்துப் போனவர்கள் கூடினார்கள். அதாவது முன்னாள் மாணவர் என்ற ஆள் முதலில் உள்ளே வந்தது கைகொடுக்கத்தான். பாராட்டு வாங்கும் இடத்துக்கு அவர் வந்தது பிற்பாடு.

அந்தத் தடம் இன்னும் அழியவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் 1952-ல் ஏற்பட்ட யேல் பதக்கமும், ஹார்வர்டில் 1981 முதல் வழங்கப்படும் ஹார்வர்டு பதக்கமும் பல்கலைக்கழகத்துக்கு ஒருவர் செய்த சேவைக்காகத் தரப்படுபவை. வெளியுலகில் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்பது அங்கே இரண்டாம்பட்சம். வெளியுலகச் சாதனைக்கு வேறு விருதுகள் இருக்கின்றன. பிரின்ஸ்டன் இளநிலைப் பட்டதாரிகளுக்கு உட்ரோ வில்சன் விருதும், முதுநிலைப் பட்டதாரிகளுக்கு ஜேம்ஸ் மேடிசன் பதக்கமும் தருகிறது. உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் வில்சன் விருது பெற்றவர்களில் ஒருவர். இந்த விருதைப் பற்றி ஒரு கிளைக்கதை உண்டு. வில்சனின் இனவாதக் கொள்கைகளைக் காரணம் காட்டி 2020-ல் பிரின்ஸ்டன் தன் பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து அவர் பெயரை எடுத்தது. விருதிலிருந்து மட்டும் எடுக்க முடியவில்லை. விருதுக்குப் பணம் கொடுத்தவர் வில்சன் பெயரில் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார், பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தது. அறக்கட்டளைப் பரிசுகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும் நம் ஊர்க் கல்லூரிகள் இதை ஒருமுறை படித்துவைத்துக்கொள்ளலாம்.

ஆக, கல்லூரிக்கு என்ன செய்தார் என்பது ஒரு கணக்கு, உலகத்தில் என்ன செய்தார் என்பது வேறொரு கணக்கு. நாம் இந்த இரண்டையும் ஒரே கேடயத்தில் போட்டுக் குழப்பிக்கொண்டோம். ஆடிட்டோரியத்துக்கு ஏ.சி. போட்டுக்கொடுத்தவரும் புற்றுநோய் ஆராய்ச்சியில் நாற்பது வருடம் செலவழித்தவரும் ஒரே மேடையில், ஒரே பெயருள்ள விருதை வாங்குகிறார்கள். இருவரையும் கௌரவிக்க வேண்டியதுதான். ஆனால் விருதுக்கு இரண்டு பெயர் வைத்திருந்தால் ஏ.சி. கொடுத்தவருக்கும் கூச்சம் இருந்திருக்காது.

மூன்றாவது கணக்கு ஒன்றும் இருக்கிறது: கௌரவ டாக்டர் பட்டம். பாஸ்டன் பக்கத்து எம்.ஐ.டி. இன்று வரை யாருக்கும் கௌரவப் பட்டம் கொடுத்ததில்லை. அதை நிறுவிய வில்லியம் பார்ட்டன் ரோஜர்ஸுக்கு அந்த வழக்கமே பிடிக்காது. தமிழ்நாட்டில் கௌரவப் பட்டம் என்ன பாடுபட்டது என்பதை விவரிக்க வேண்டியதில்லை, சுவரொட்டிகளைப் பார்த்தாலே போதும். முன்னாள் மாணவர் விருது அந்தக் கதிக்கு ஆளாகாமல் தப்பித்ததற்கு ஒரு எளிய காரணம், அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள முடியாது.

நம் பல்கலைக்கழகங்களின் தொடக்கக் காலத்தில் பட்டதாரியின் பிற்கால வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போய்ப் பாராட்டும் வழக்கம் வேரூன்றவில்லை. 1857-ல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளை படித்த வட்டுக்கோட்டை செமினரி 1855-லேயே மூடப்பட்டுவிட்டது. அவர் அரசு வேலையில் இருந்தார், சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். இவற்றுக்கிடையே வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார். இன்றைய விண்ணப்பப் படிவத்தில் அவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது? நீதித் துறையிலா, பதிப்பிலா? அவருக்கு ராவ் பகதூர் பட்டத்தை அரசு தந்தது. அவருக்குப் பின் அதே ஏட்டுவழியில் நடந்த உ.வே. சாமிநாதையர் பல்கலைக்கழகத்தில் படித்தவரே இல்லை. அவருக்கு 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் கௌரவ டி.லிட். கொடுத்தது. வெளியாளைத் தேடிப் பிடித்துப் பாராட்டும் கண் அதற்கு இருந்தது. தன் மடியில் வளர்ந்தவர்களைத் திரும்பிப் பார்க்கும் ஏற்பாடுதான் இல்லை.

ஏற்பாடு பிறகு வந்தது, அதுவும் முதலில் ஐ.ஐ.டி.களில் வலுவாகக் காலூன்றியது. அங்கே படித்தவர்களில் பெரும் பகுதி அமெரிக்கா போனார்கள், அங்குள்ள பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களோடு உறவு வைத்துக்கொள்ளும் முறையைக் கண்ணால் பார்த்தார்கள். மற்றக் கல்லூரிகளுக்கு இந்த ஆர்வம் பரவியதற்கு இன்னொரு காரணம், கேட்டால் பலரும் வெளிப்படையாகச் சொல்லாத காரணம், நாக் குழு. தர மதிப்பீட்டுக்கு வரும் நாக், 5.4 என்ற எண்ணிட்ட கூறில் முன்னாள் மாணவர் ஈடுபாட்டைக் கேட்கிறது. பதிவு செய்யப்பட்ட சங்கம் இருக்கிறதா, அது பண உதவியோ வேறு உதவியோ செய்திருக்கிறதா என்று பார்க்கிறது. கல்லூரிகளில் சங்கங்கள் திடீரென்று உயிர்பெற்று எழுவதையும், அந்த வருடமே நாலு பேருக்கு விருது கொடுத்துப் படமெடுத்துக் கோப்பில் சேர்ப்பதையும் இதோடு வைத்துப் பார்த்தால் புரியும். காரணம் எதுவாக இருந்தால் என்ன, நல்லது நடந்தால் சரி என்று சொல்வோர் உண்டு. நானும் பாதி ஒப்புக்கொள்வேன். மீதிப் பாதி, மதிப்பெண்ணுக்காகத் தேர்ந்தெடுக்கும்போது படத்தில் நன்றாக விழும் ஆளைத்தான் தேடுவோம் என்பது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. 1970-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.டெக். முடித்த கிருஷ்ணா சிவுகுலா, 2024 ஆகஸ்டில் தான் படித்த இடத்துக்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். வளாகத்தில் ஒரு கட்டடத் தொகுதிக்கு அவர் பெயர் வைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் நந்தன் நீலகேணி மும்பை ஐ.ஐ.டி.க்கு 315 கோடி கொடுத்தார். கொடுத்ததற்குத்தான் விருது, அல்லது விருது கொடுத்து வாங்கினார்கள் என்று இந்தச் செய்திகளைப் படித்தவுடன் சிலருக்குத் தோன்றும். தேதிகளைப் பார்த்தால் அப்படி நேர்க்கோடு போட முடிவதில்லை. சிவுகுலாவுக்குச் சென்னை ஐ.ஐ.டி. தன் சிறப்பு விருதைக் கொடுத்தது 2015-ல். நீலகேணிக்கு மும்பை ஐ.ஐ.டி. கொடுத்தது 1999-ல், அதாவது பெருந்தொகை வருவதற்கு 24 வருடம் முன்னால். உறவைப் பொறுமையாக வளர்க்கிறார்கள் என்று சொல்லலாம், கொடுத்து வாங்கும் வியாபாரம் என்று சொல்வதற்கில்லை. பணம் ஒரு பக்கமாகவே ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

முன்னாள் மாணவர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்பதைப் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜொனாதன் மீர், ஹார்வி ரோசன் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் நன்கொடைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். பட்டதாரியின் பிள்ளை கல்லூரியில் சேரும் வயதை நெருங்க நெருங்க நன்கொடை ஏறுகிறது. பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் சரிந்துவிடுகிறது. விசுவாசம், நன்றியுணர்வு என்று மேடையில் நாம் முழங்குவதற்கு அடியில் இப்படியும் ஒரு கணக்கு ஓடுகிறது. இந்திய ஐ.ஐ.டி.களில் நுழைவுத் தேர்வுதான் கதவு என்பதால் அந்தக் குறிப்பிட்ட பேரத்துக்கு இங்கே இடமில்லை. அந்த அளவில் நம் கொடையாளிகளை அதிகமாக நம்பலாம்.

விருது கொடுப்பவருக்கும் லாபம் உண்டு என்பதை விருதுகளைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த சுவிஸ் பொருளாதார அறிஞர் புரூனோ ஃப்ரை திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். புகழ்பெற்றவருக்குக் கொடுத்தால் அவர் புகழில் கொஞ்சம் கொடுத்தவருக்கும் ஒட்டிக்கொள்ளும். 1993-ல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பட்டம் வாங்கிய சுந்தர் பிச்சைக்குக் கௌரவ டாக்டர் பட்டத்தைக் கையில் கொடுக்க 2024-ல் அந்த நிறுவனத்தின் இயக்குநர் சான்பிரான்சிஸ்கோவுக்கே போனார். அங்கேயே, அதே கரக்பூரில் படித்த பிச்சையின் மனைவி அஞ்சலிக்கும் முன்னாள் மாணவர் விருது வழங்கப்பட்டது. மாணவன் விருது வாங்கக் கல்லூரிக்கு வந்த காலம் போய், கல்லூரி மாணவனைத் தேடிக் கடல் கடந்து போகிறது. போனதில் தவறில்லை. ஆனால் இதே சிரமத்தை எடுத்து, கரக்பூரில் படித்துவிட்டு ஏதோ ஒரு மாவட்டத்தில் குடிநீர்த் திட்டம் போட்ட ஒருவர் வீட்டுக்கு யாராவது போயிருப்பார்களா?

புகழ் ஒட்டும் என்ற ஆசை எவ்வளவு தூரம் இழுத்துப்போகும் என்பதற்கு 2009-ல் ஒரு வேடிக்கை நடந்தது. வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டவுடன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் நடத்தியதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் பேட்டி கொடுத்தார். சிதம்பரத்தில் பிறந்தவர்தான். ஆனால் மூன்று வயதிலேயே அந்த ஊரை விட்டுப் போய்விட்டதாக ராமகிருஷ்ணன் மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் பட்டம் படித்தது பரோடாவில், 1971 வரை. பிள்ளை பெரியவனான பிறகு உறவு கொண்டாட வருபவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம், பல்கலைக்கழகத்தைச் சுற்றியும் அவர்கள் உண்டு.

உள்ளவருக்கே மேலும் மேலும் சேரும் இந்தப் போக்கைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-லேயே அறிவியல் உலகை வைத்து விளக்கினார். ஏற்கெனவே பெயர் பெற்ற விஞ்ஞானிக்கே புதிய பெயரும் போய்ச் சேருகிறது, பக்கத்தில் அதே வேலையைச் செய்த பெயரில்லாதவர் மறக்கப்படுகிறார். முன்னாள் மாணவர் விருதுகளில் இது இன்னும் கூர்மை. தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு எல்லாத் துறையும் தெரியாது. தெரியாத துறையில் ஒருவர் செய்ததை மதிப்பிட ஒரே வழி, அவருக்கு வேறு யார் என்ன விருது கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. பத்ம விருது வாங்கியவருக்குக் கல்லூரி விருது கண்ணை மூடிக்கொண்டு போகும்.

ஒரு கல்லூரியின் தேர்வுக் குழுவில் சில வருடங்களுக்கு முன் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மேசைமேல் இருந்த பரிந்துரைகளில் ஒன்று கெட்டி அட்டையும் வழவழப்பான வண்ணப் படங்களுமாகப் பைண்டு செய்த தடிப் புத்தகம். அனுப்பியவர் ஒரு தொழிலதிபரின் உதவியாளர். நிறுவனத்தின் டர்ன்ஓவர், அமைச்சர்களோடு எடுத்த படங்கள், ரோட்டரி, லயன்ஸ் கேடயங்கள் எல்லாம் இருந்தன. அதற்கடியில் கோடு போட்ட தாளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய இரண்டு பக்கக் கடிதம். ஓய்வுபெற்ற ஓர் அரசுப் பெண்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியைக்காக அவரிடம் படித்தவர்கள் எழுதியது. பத்தாம் வகுப்போடு நிறுத்த இருந்த பெண்களின் வீடுகளுக்கு நடந்துபோய்ப் பெற்றோரிடம் பேசியது, பள்ளி விட்டபின் டியூஷன் பணம் வாங்காமல் பாடம் எடுத்தது, அப்படிப் படித்த ஏழெட்டுப் பேர் இன்று என்னவாக இருக்கிறார்கள் என்பது. படிவத்தையும் இணைத்திருந்தார்கள். ‘வகித்த உயர்பதவி’ என்ற இடத்தில் பட்டதாரி ஆசிரியை. ‘பெற்ற விருதுகள்’ என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. ‘வெளிநாட்டுப் பயணம்’ என்ற இடத்திலும் அதே கோடு. அந்த அம்மையாரைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை. இரண்டு பேர் கடிதத்தைப் படித்துவிட்டு நெகிழ்ந்தே போனார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். படிவத்தில் மதிப்பெண் போடுவதற்கு இடமிருந்தது மூன்று கட்டங்களுக்கு, அந்த மூன்றிலும் அவருக்கு மதிப்பெண் தேறவில்லை.

வாழ்நாள் சாதனை என்று சொல்லும்போது வாழ்நாளில் எந்த இடத்தில் நின்று கணக்குப் பார்ப்பது என்பது அடுத்த சிக்கல். கோவிந்தப்ப வெங்கடசாமி 1944-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போய்ப் படுக்கையில் கிடந்து எழுந்தார். அந்த விரல்களோடு கண் அறுவை செய்யப் பழகி, மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். 1973-ல் பத்மஸ்ரீ. 1976-ல் 58 வயதில் ஓய்வு. இங்கே ஒரு விருது கொடுத்து நிறைவான வாழ்க்கை என்று பாராட்டு மடல் வாசித்திருந்தால் ஒருவரும் தப்பு சொல்ல மாட்டார்கள். அதே வருடம் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. உலகம் அவரை அறிந்தது அந்த 58-க்குப் பிறகு செய்த வேலையால்.

வி. சாந்தாவின் கதை இதற்கு நேர்மாறு. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1949-ல் எம்.பி.பி.எஸ். முடித்து, 1955-ல் எம்.டி.யும் முடித்த கையோடு கிடைக்கவிருந்த அரசு வேலையை விட்டுவிட்டு, அதே கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சேர்ந்தார். அப்போது அது 12 படுக்கைகள் கொண்ட சிறிய இடம். அந்த வளாகத்திலேயே குடியேறி, 2021 ஜனவரியில் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். மகசேசே விருது 2005-ல், பத்ம விபூஷண் 2016-ல். வேலையில் சேர்ந்ததற்கும் மகசேசேக்கும் இடையில் ஐம்பது வருடம், திருப்பம் எதுவும் இல்லாத, ஒரே வேலை. 1970-களில் ஒரு தேர்வுக் குழு அவர் பெயரை எடுத்திருந்தால் எழுதுவதற்குப் பளிச்சென்று என்ன இருந்திருக்கும்? ஒரே இடத்தில் ஒரே வேலை செய்பவர்களைக் கண்டுகொள்ள ரொம்ப காலம் ஆகும். சாந்தாவுக்கு ஆயுள் இருந்தது, காத்திருந்தார்.

சீக்கிரம் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கம் 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும். அதை வாங்கியவர்கள் அதன் பிறகு, வாங்கத் தகுதியிருந்தும் வாங்காதவர்களை விடக் குறைவாகவே ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள் என்று போர்ஹாஸ், டோரன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கண்டார்கள். சோம்பேறித்தனம் என்று அவர்கள் சொல்லவில்லை. பலர் தங்களுக்குப் பழக்கமில்லாத புதுத் துறைகளில் இறங்கிப் பார்க்கிறார்கள், அது ஒரு பகுதிக் காரணம். முன்னாள் மாணவர் விருதைப் பொறுத்தவரை எனக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. பொன்னாடை வாங்கியதால் வேலையைக் குறைத்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை.

கொடுத்த பிறகு ஆளைப் பற்றி வேறு விஷயங்கள் வெளியே வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. பிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகம் தன் மாணவரான நடிகர் பில் காஸ்பிக்கு 1991-ல் கௌரவப் பட்டம் கொடுத்தது. 2018-ல் பாலியல் வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானவுடன் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. 2021-ல் மாநில உச்ச நீதிமன்றம், வழக்கு நடத்திய முறையில் தவறு என்று சொல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. பட்டம் எங்கே நிற்கிறது? விருதுக்கான விதிகளில் திரும்பப் பெறும் முறையை எழுதிவைத்திருக்கும் தமிழ்நாட்டுக் கல்லூரி எதையும் நான் பார்த்ததில்லை. எழுதிவைப்பது ஒரு பக்க வேலை.

சில பேருடைய வாழ்க்கை எந்தக் கட்டத்திலும் அடங்காது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பொறியியலும் படித்தவர்களில் இரண்டு பேரைத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் அப்துல் கலாம், அவரைப் பற்றி எந்தக் குழுவுக்கும் தயக்கம் வராது. இன்னொருவர் ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். நாடு முழுக்க வாக்காளர்கள் பொத்தானை அழுத்தும்போது அதன் பின்னால் அவர் கை இருக்கிறது. ஆனால் எம்.ஐ.டி. தன் மாணவரைக் கொண்டாட வேண்டுமானால் எந்த ரங்கராஜனைக் கொண்டாடும்? தமிழ் வாசகரைக் கேட்டால் இயந்திரம் பற்றி யோசிக்கவே மாட்டார். பொறியியல் கல்லூரியின் படிவத்தில் ‘சிறுகதை’ என்று ஒரு கட்டம் கிடையாது.

பெண்கள் விஷயத்துக்கு வந்தால் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் அ. லலிதாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் கணவரை இழந்தார், கையில் நாலு மாதக் குழந்தை. அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டியிலேயே மின்பொறியியல் பேராசிரியர். பெண்களைச் சேர்த்துப் பழக்கமில்லாத கல்லூரியில், முதல்வர் கே.சி. சாக்கோவின் சம்மதத்தோடு 1940-ல் மகளைச் சேர்த்தார். லலிதா தனியாகப் படிக்க வேண்டாம் என்று இன்னும் பெண்களைத் தேட, பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழ் ஆண்களுக்கென்றே அச்சடிக்கப்பட்டிருந்ததால் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள். லலிதா கல்கத்தாவில் ஏ.இ.ஐ. நிறுவனத்தில் மின்கடத்துப் பாதைகளையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கி வேலையில் பங்கெடுத்தார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்களின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனார். 1979-ல், அறுபது வயதில் இறந்தார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையில் படிப்படியாக உயர்ந்து 1971-ல் தலைமைப் பொறியாளரானார், இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

லலிதாவின் பெயர் இன்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் வருகிறது. அவர் இறந்து முப்பது, நாற்பது வருடம் கழித்து, கிண்டியிலேயே படித்த சாந்தா மோகன் இந்தியப் பெண் பொறியாளர்களின் வரலாறுகளைத் தேடித் தொகுத்ததும், லலிதாவின் மகள் தாயின் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருந்ததும் அதற்குப் பெரிதும் காரணம். ஒரு மகளும் ஒரு பின்வந்த மாணவியும் செய்த வேலை அது. அமெரிக்காவில் 1990-களிலும் 2000-களிலும் வழங்கப்பட்ட அறிவியல் விருதுகளை 2012-ல் ஆராய்ந்த லிங்கன் என்ற ஆய்வாளரின் குழுவினர், சேவைக்கும் கற்பித்தலுக்குமான விருதுகளில் பெண்களுக்குக் கிடைக்கும் பங்கு ஆராய்ச்சி விருதுகளில் கிடைப்பதில்லை என்று காட்டினார்கள். இங்கே கல்லூரி விருதுகளில் அந்தக் கணக்கை எடுத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அவரவர் கல்லூரிப் பட்டியலை எடுத்து ஆண், பெண் என்று பிரித்து எண்ணிப்பார்க்க ஒரு மதியப் பொழுது போதும்.

இதெல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் வந்து முட்டுகிறது. விருதுக்குரியவர்கள் தாங்களாக வந்து விண்ணப்பிக்க வேண்டும், அல்லது அவர்களுக்காக விண்ணப்பிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதே இப்போதைய ஏற்பாட்டின் அடிப்படை. உதவியாளர் வைத்திருப்பவருக்கு அந்த ஆள் இருக்கிறார். பொதுப்பணித் துறைப் பொறியாளருக்கு இல்லை. தவிர, தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ள வெட்கப்படுபவர்கள்தான் பெரும்பாலும் பரிந்துரைக்கத் தகுந்தவர்கள். விளம்பரம் கொடுத்துக் காத்திருக்கும் குழுவால் இந்தக் கோணலை நிமிர்த்த முடியாது. குழு எழுந்து வெளியே போக வேண்டும்.

போவதற்கு இடமா இல்லை? ஒவ்வொரு கல்லூரியிலும் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வகுப்பின் பெயர்களை எடுத்துக்கொண்டு, அந்த வகுப்பில் இன்னும் தொடர்பில் இருக்கும் ஒரு ஆளைப் பிடித்தால் பாதிப் பேரின் கதை ஒரே நாளில் கிடைத்துவிடும். வகுப்புக்கு ஒருவராவது எல்லோர் வீட்டு நல்லது கெட்டதும் தெரிந்தவராக இருப்பார், இப்போது அவர்தான் வாட்ஸ்அப் குழுவின் அட்மின். உங்கள் செட்டிலேயே நல்ல வேலை செய்தது யார் என்று அவரிடம் கேட்க வேண்டும். பெரிய ஆள் யார் என்று கேட்டால் வேறு பதில் வரும். அரசுத் துறைகளின் ஓய்வூதியர் சங்கங்களிடமும் கேட்கலாம். எந்தத் தாலுகா மருத்துவமனையில் எந்த டாக்டரம்மா இருந்தபோது கூட்டம் நிரம்பியது என்பது அங்குள்ள பழைய செவிலியர்களுக்கு மனப்பாடம்.

பாராட்டு மடலையும் மாற்றி எழுதலாம். இப்போது நாம் கேட்பவை எல்லாம் ஒரே அச்சு: அரிய பண்பாளர், அயராத உழைப்பாளி, கல்லூரிக்குப் பெருமை சேர்த்தவர். எந்த மடலில் எந்தப் பெயரை ஒட்டினாலும் பொருந்தும். அவர் செய்த ஒரே ஒரு வேலையை எடுத்து, அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது, அவர் என்ன செய்தார், பிறகு என்ன ஆயிற்று என்று ஒரு பக்கம் எழுதினால் அடுத்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் இறுதியாண்டு மாணவருக்கு ஏதாவது தெரியவரும். அப்படி எழுத முடியவில்லை என்றால் தேர்வே சரியில்லை என்று குழு தெரிந்துகொள்ளலாம். படிவத்தில் ‘பெற்ற விருதுகள்’ என்ற கட்டத்தை நீக்குவது இன்னும் எளிது. அதற்கு ஆட்சிமன்றக் குழுவின் அனுமதிகூடத் தேவைப்படாது.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நேர்மையான மறுப்புதான். கணக்கு டீச்சருக்கு விருது கொடுத்தால் நாளிதழில் படம் வராது, கொடையாளிகள் வர மாட்டார்கள், நாக் கோப்பு கனக்காது. உண்மை. அதனால்தான் மூன்று வகை விருதும் வேண்டும் என்கிறேன். கல்லூரிக்கு உதவியவரை உதவிக்காகவே கௌரவியுங்கள், தாராளமாக, பேண்டு வாத்தியத்தோடு. புகழ்பெற்றவரையும் அழையுங்கள், மாணவர்கள் அவரைப் பார்க்க ஆசைப்படுவார்கள். மூன்றாவதாக ஒரு நாற்காலி போடுங்கள், அதில் உட்கார வைக்கும் ஆளைக் குழுவே வெளியே போய்த் தேடிக் கொண்டுவரட்டும். கிண்டிக் கல்லூரியில் மட்டும் 1859 முதல் பொறியியல் படித்துப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர். அவர்களில் பாதிப் பேர் கட்டிய பாலங்களின் மேல்தான் நாம் இன்றும் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம், பாலத்துக் கல்வெட்டில் திறந்துவைத்த அமைச்சர் பெயர் மட்டும் இருக்கிறது. தேடத் தொடங்குகிறவர்கள் அந்தக் கல்வெட்டின் தேதியிலிருந்து தொடங்கலாம். அந்த வருடத்துக் கோட்டப் பொறியாளர் யார் என்று பொதுப்பணித் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.